லோடரில் ஃப்ளோட்: பக்கெட்டைப் பரம்பு போல விடுவது எப்படி?

முன்னால் மண் அள்ளும் பக்கெட்டோடு லோடர் பூட்டிய டிராக்டரில் வலது கைக்குப் பக்கத்தில் ஒரு லிவர் இருக்கும். பின்னால் இழுத்தால் லோடர் கை மேலே எழும்பும், முன்னால் தள்ளினால் இறங்கும், இடம் வலமாக அசைத்தால் பக்கெட் மடங்கி விரியும். வண்டியில் ஏறிய அரை மணி நேரத்தில் இது யாருக்கும் பிடிபட்டுவிடும். இப்போது அதே லிவரை இன்னும் கொஞ்சம் அழுத்தி முன்னால் தள்ளிப் பாருங்கள். லேசாக முரண்டு பிடித்துவிட்டு, 'டக்' என்று ஒரு குழியில் விழுந்த மாதிரி உட்காரும். கையை எடுத்தாலும் திரும்பி வராது. அந்த இடத்துக்குப் பெயர்தான் ஃப்ளோட்.

பர்மாவில் எங்கள் பெகு பக்கத்தில் வருடக்கணக்காக லோடர் ஓட்டுகிறவர்களிலேயே பல பேர் இந்த இடத்தைத் தொட்டதில்லை. தெரியாமல் தொட்டுவிட்டவர்கள், லோடர் கை பொத்தென்று தளர்ந்துவிட்டதைப் பார்த்துப் பயந்து லிவரைத் திரும்ப இழுத்துவிடுகிறார்கள். பழுது ஒன்றும் இல்லை. அந்தத் தளர்ச்சியைத்தான் ஒரு வசதியாகவே வைத்திருக்கிறார்கள். அது எதற்கு, உள்ளே என்ன நடக்கிறது, எங்கே அதை நம்பலாம், எங்கே தொடவே கூடாது என்பதைப் புதிதாக லோடர் ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஃப்ளோட் என்றால் மிதவை. தூண்டில் தக்கையை நினைத்துக்கொள்ளலாம். அலை ஏறினால் தக்கையும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆனால் வயலில் வேலை செய்தவர்களுக்கு இதைவிடப் பரம்பைச் சொன்னால் சட்டென்று புரியும். என் தாத்தா இங்கே மாடு கட்டி நெல் பயிரிட்டவர். உழுத சேற்றைச் சமப்படுத்தும் பரம்புக் கட்டையை மாடுகள் இழுத்துப் போகும்போது, அது தன் சொந்தக் கனத்தில் சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கட்டி பெரிதாக இருக்கும் இடத்தில் ஆள் அதன் மேல் ஏறி நிற்பார், கட்டை அழுந்தும். இறங்கிவிட்டால் பழையபடி லேசாகிவிடும்.

லோடரும் அப்படித்தான். லிவரைச் சாதாரணமாக முன்னால் தள்ளுவது பரம்பின் மேல் ஆள் ஏறி நிற்பது போல. ஃப்ளோட்டில் போட்டால் அந்த ஆள் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். லிவர் நடுவில் நிற்கும் நிலை இன்னொரு வகை. கட்டையைக் கயிற்றால் இழுக்காமல் நுகத்தடியோடு விறைப்பாகச் சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? மாட்டின் கால் பள்ளத்தில் இறங்கினால் கட்டை மண்ணுக்குள் புதையும், மேட்டில் ஏறினால் அந்தரத்தில் தூக்கும். லிவர் நடுவில் இருக்கும்போது பக்கெட்டின் கதி அதுதான்.

இதைக் கண்ணால் பார்த்த கதை ஒன்று. இங்கே மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. கீழ் பர்மாவில் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். அதில் முக்கால்வாசிக்கும் மேல் இந்த மாதங்களிலேயே கொட்டிவிடும். மழை முடிந்த பிறகு ஊர்ச் சாலை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. சரளை எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் தோலாஜி என்று நாங்கள் சொல்லும் டிரெய்லர் வண்டிகளின் சக்கரத் தடங்கள் இரண்டு வாய்க்கால் மாதிரி ஓடும். போன ஐப்பசியில் அம்மன் கோயிலுக்குப் போகிற சாலையைச் சரி செய்ய டிராக்டரை எடுத்துப் போனோம். ஓட்டியது என் அக்கா மகன். பக்கெட் வாயைத் தரையில் பட்டும் படாமலும் வைத்து, லிவரை நடுவில் விட்டுவிட்டு, பின்னால் எடுத்துக்கொண்டே போனான். ஓரத்துச் சரளையை நடுவுக்கு இழுத்துப் பரப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஐம்பது அடி போனதும் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தான். சாலை அலை அலையாக இருந்தது. ஒரு குழி, ஒரு வரப்பு, மறுபடி ஒரு குழி. அதைச் சரி செய்ய அதே தடத்தில் மறுபடி ஓட்டினான். அலை இன்னும் ஆழமாகிவிட்டது. "மாமா, மெதுவாத்தான் போறேன், ஏன் இப்படி வருது?" என்று கேட்டான். முகம் வாடிப் போயிருந்தது. அவன் மேல் தப்பு இல்லை. முந்தைய வாரம் அவனுக்கு வண்டி கற்றுக்கொடுத்தவன் நான். லிவரின் அந்தக் கடைசி இடத்தை நான்தான் காட்டாமல் விட்டுவிட்டேன்.

ஏன் அப்படி ஆனது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிராக்டரின் பின் அச்சுக்கும் முன் அச்சுக்கும் நடுவில் சுமார் 2 மீட்டர் என்று வையுங்கள். முன் அச்சிலிருந்து பக்கெட் வாய் இன்னும் 1.5 மீட்டர் முன்னால் இருக்கிறது. முன் சக்கரம் 5 சென்டிமீட்டர் குழியில் இறங்கினால், வண்டி பின் அச்சை ஆதாரமாக வைத்து முன்னால் சாயும். ஏற்றப் பலகையில் நுனிக்குப் போகப் போக அசைவு பெரிதாவது போல, பக்கெட் வாய் 5 சென்டிமீட்டரோடு நிற்காது. 3.5-ஐ 2-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். சக்கரத்துக்கு ஒரு சின்னக் குலுக்கல், பக்கெட்டுக்கு நாலு விரல் ஆழ வெட்டு. சக்கரம் மேட்டில் ஏறும்போது அதே அளவுக்குப் பக்கெட் மேலே தூக்கி, அதுவரை இழுத்து வந்த சரளையை அங்கே கொட்டிவிடும். அடுத்த தடவை வரும்போது சக்கரம் இந்தப் புதுக் குழியிலும் வரப்பிலும் ஏறி இறங்கும், அலை வளரும். எவ்வளவு திறமையான கையாக இருந்தாலும் லிவரை நொடிக்கு நொடி ஆட்டி இதைச் சமாளிக்க முடியாது.

ஃப்ளோட்டில் போட்டால் வண்டியின் ஆட்டம் பக்கெட்டுக்குப் போகாது. முன் சக்கரம் குழியில் இறங்கினாலும் பக்கெட் தரையிலேயே கிடக்கும். லோடர் கை மட்டும் தன் மூட்டில் மடங்கிக் கொடுக்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? லோடர் கையைத் தூக்குவது இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிஸ்டன். அதன் ஒரு பக்கம் எண்ணெய் புகுந்தால் தண்டு வெளியே நீண்டு கை எழும்பும், மறுபக்கம் புகுந்தால் தண்டு உள்ளே போய்க் கை இறங்கும். எந்தப் பக்கம் எண்ணெய் போக வேண்டும் என்று வழி விடுவதுதான் லிவருக்கு அடியில் இருக்கும் வால்வின் வேலை. லிவர் நடுவில் இருந்தால் இரண்டு பக்கக் குழாய்களும் அடைபடும். எண்ணெய்க்கு எங்கும் போக வழி இல்லை, அதனால் கை நின்ற இடத்தில் நிற்கும். பின்னால் இழுத்தால் பம்பு ஒரு பக்கத்துக்கு எண்ணெய் அனுப்பும், முன்னால் தள்ளினால் மறுபக்கத்துக்கு. இந்த மூன்று நிலையிலும் எண்ணெய் ஒன்று சிறைப்பட்டிருக்கும், இல்லையென்றால் பம்பால் தள்ளப்படும்.

ஃப்ளோட்டில் மட்டும் வால்வு இரண்டு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணெய்த் தொட்டிக்கே திறந்துவிடுகிறது. பம்புக்கும் சிலிண்டருக்கும் தொடர்பு அற்றுப்போகும். தரை பக்கெட்டை மேலே தள்ளினால் எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து நகர்ந்து மறுபக்கம் போகும், தரை தாழ்ந்தால் திரும்பி வரும். சும்மா ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு இணைத்தால் போதாதா, தொட்டி எதற்கு என்று என்னிடம் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பிஸ்டனின் ஒரு பக்கம் தண்டு இருப்பதால் அங்கே எண்ணெய்க்கு இடம் குறைவு. ஒரு பக்கத்திலிருந்து வெளியேறும் எண்ணெயை மறுபக்கம் முழுதாக ஏற்க முடியாது, அல்லது அங்கிருந்து வருவது இங்கே பத்தாது. மிஞ்சுவதை வாங்கிக்கொள்ளவும் குறைவதைக் கொடுக்கவும் தொட்டி வேண்டும்.

அழுத்தி இறக்குவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதையும் பாருங்கள். உள் விட்டம் 50 மில்லிமீட்டர், தண்டு 30 மில்லிமீட்டர் உள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். தண்டு இருக்கும் பக்கத்தில் எண்ணெய் அழுத்தும் பரப்பு சுமார் 12.6 சதுர சென்டிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் 170 பார் என்றால் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 2,100 கிலோவுக்கு மேல் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து 4 டன்னைத் தாண்டும். சிலிண்டர் பூட்டிய இடத்திலிருந்து பக்கெட் வாய் வெகு தூரம் தள்ளி இருப்பதால் அங்கே வந்து சேர்வது இதில் ஒரு பங்குதான். ஆனால் அந்தப் பங்கே டிராக்டரின் முன் சக்கரங்களைத் தரையை விட்டுத் தூக்கப் போதும். முன் சக்கரம் தூக்கிவிட்டால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயன் இல்லை. ஃப்ளோட்டில் தரையை அழுத்துவது லோடர் கையும் பக்கெட்டும் சேர்ந்த சொந்தக் கனம் மட்டுமே. அது சில நூறு கிலோ இருக்கும். சரளையை இழுக்க அது தாராளம். கெட்டி மண்ணை வெட்ட அது காணாது. ஃப்ளோட்டின் குணம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

பின்னால் பூட்டும் கலப்பையோ ரோட்டவேட்டரோ ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த யோசனை ஏற்கெனவே கையில் இருக்கிறது, பெயர்தான் தெரியாது. பெரும்பாலான டிராக்டர்களில் பின்பக்க மூன்று புள்ளி இணைப்பை ஹைட்ராலிக் தூக்க மட்டும்தான் செய்யும், அழுத்தி இறக்காது. லிவரை விட்டால் கருவி தன் கனத்தில் இறங்கித் தரையோடு போகும். இந்த ஏற்பாட்டை உலகம் முழுக்கக் கொண்டு போனவர் ஹாரி ஃபெர்குசன். 1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரில் அவருடைய முறைதான் இருந்தது, 1946-இல் வந்த டிஇ20 அதை இன்னும் பரப்பியது. முன்னால் இருக்கும் லோடருக்கு மட்டும் மண்ணைத் தோண்டவும் வேண்டும் என்பதால் அழுத்தி இறக்கும் சக்தியைக் கொடுத்தார்கள். கொடுத்ததை வேண்டும்போது விலக்கி வைக்கவே ஃப்ளோட்.

இனி வேலைக்கு வருவோம். சரளை பரப்புவதற்குப் பின்னால் எடுத்துக்கொண்டே இழுப்பது நல்லது. பக்கெட்டைத் தரையில் வையுங்கள், வாயை லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள், லிவரை ஃப்ளோட்டில் போட்டுவிட்டு நடக்கிற வேகத்தில் பின்னால் எடுங்கள். எவ்வளவு சாய்ப்பது என்பதுதான் நெளிவு சுளிவு. 20, 30 டிகிரிக்குள் வைத்தால் பக்கெட் பொடியைத் தள்ளிப் பரப்பிக்கொண்டே போகும். இன்னும் நிமிர்த்திச் செங்குத்தாக வைத்தால் நன்றாகச் சுரண்டும், ஆனால் அப்போது பக்கெட்டைச் சாய்க்கும் சிலிண்டர்களின் தண்டு முழுக்க வெளியே நீண்டிருக்கும். அந்த நிலையில் ஒரு வேரிலோ புதைந்த கல்லிலோ மாட்டினால் தண்டு வளைந்துவிடும். இங்கே தண்டு வளைந்தால் அதைச் சரி செய்ய ஆளும் பணமும் நாளும் தேட வேண்டும். ஃப்ளோட் மேலும் கீழும்தான் விட்டுக் கொடுக்கும். முன்னும் பின்னும் வரும் அடியிலிருந்து அது எதையும் காப்பாற்றாது.

முன்னால் போகும்போது வேறு கணக்கு. பக்கெட்டின் அடி தரையோடு சமமாக இருக்க வேண்டும், அல்லது வாய் ஒரு நூல் மேலே தூக்கியிருக்க வேண்டும். வாய் கீழே சாய்ந்திருந்தால், உளியைச் சாய்த்துத் தட்டினால் மரத்துக்குள் இறங்குவது போல அது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும். ஃப்ளோட் அதைத் தடுக்காது, சொல்லப்போனால் இறங்க வழி விடும். "ஃப்ளோட்டில்தானே போட்டேன், ஏன் தோண்டுது?" என்று கேட்பவர்கள் முதலில் பக்கெட்டின் சாய்வைப் பார்க்க வேண்டும்.

அரிசி ஆலையில் உமி அள்ளுவது ஃப்ளோட்டுக்கென்றே அமைந்த வேலை. சிமென்ட் தளம், அதன் மேல் பஞ்சு மாதிரி உமி. அழுத்தி இறக்கினால் தளத்தில் கோடு விழும், பக்கெட் வாயும் தேயும். தூக்கிப் பிடித்தால் அடியில் நாலு விரல் உமி தங்கிவிடும். பக்கெட்டைச் சமமாக வைத்து ஃப்ளோட்டில் போட்டுக் குவியலுக்குள் மெதுவாக நுழைந்தால் தளத்தைத் துடைத்தது போல அள்ளி வரும். குவியலுக்குள் போனதும் லிவரை ஃப்ளோட்டிலிருந்து எடுத்து, பக்கெட்டை மடக்கி, பிறகு தூக்க வேண்டும். மாட்டுக் கொட்டகையில் சாணம் வழிப்பதும் இதே முறைதான்.

எண்ணெய்க்கும் டீசலுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. அழுத்தி இறக்கிக்கொண்டே ஓட்டினால் பம்பு முட்டி மோதி, அதிக அழுத்தத்தை வெளியே விடும் வால்வு வழியாக எண்ணெய் பாய்ந்து, 'கீச்' என்று சத்தம் வரும். எண்ணெய் சூடாகும். ஃப்ளோட்டில் பம்பு சும்மா சுற்றும். டீசல் விற்கிற விலையில் இதையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஈர மண்ணில் மட்டும் இதை நம்பாதீர்கள். சேறு பக்கெட்டின் சொந்தக் கனத்தையே தாங்காது, ஃப்ளோட்டில் போட்டாலும் புதைந்துவிடும். மழை விட்டு வெயில் இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு சாலையில் இறங்குவதே சரி.

இப்போது ஆபத்தைச் சொல்ல வேண்டும், இதை மட்டும் வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். லோடர் கை மேலே இருக்கும்போது ஒருபோதும் ஃப்ளோட்டில் தள்ளாதீர்கள். எண்ணெய்க்கு வழி திறந்துவிடுவதால் கையும் பக்கெட்டும், அதில் இருக்கும் பாரமும், தன் கனத்தில் கீழே வரும். அடியில் ஆள் நின்றால் தடுக்க ஒன்றும் இல்லை. சரக்கு இருந்தால் வண்டி முன்னால் குப்புறச் சாயவும் கூடும். லிவரைச் சாதாரணமாகத் தள்ளி, பக்கெட் தரையைத் தொட்ட பிறகுதான் அந்த 'டக்'. அப்படி உயரத்திலிருந்து விட்டால் இன்னொன்றும் நடக்கும். கை வேகமாக விழும்போது சிலிண்டரின் ஒரு பக்கம் எண்ணெய் நிறைய நேரம் இல்லாமல் வெற்றிடம் விழுந்துவிடும். அடுத்து லிவரை முன்னால் தள்ளும்போது அந்த இடம் நிரம்பும் வரை பக்கெட் அழுத்தாமல் தாமதிக்கும்.

இன்னொரு விஷயம், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு. எஞ்சின் ஓடாவிட்டாலும், சாதாரணக் கை லிவர் உள்ள வண்டிகளில் ஃப்ளோட் வேலை செய்யும், ஏனென்றால் அதற்குப் பம்பு தேவையில்லை, பக்கெட்டின் கனமே போதும். பக்கெட்டை உயரத்தில் விட்டுவிட்டு எஞ்சினை அணைத்துச் சாவியையும் எடுத்துப் போய்விட்டால், சீட்டில் ஏறி விளையாடும் பிள்ளை லிவரை ஒரு தள்ளு தள்ளினால் போதும். வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் சமமாக இறக்கி ஃப்ளோட்டில் போட்டு அழுத்தத்தை விட்டுவிடுங்கள். லோடரின் ரப்பர்க் குழாய்களைக் கழற்றி மாட்டுவதும் அப்போது எளிது. உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருந்தால் அந்த இணைப்புகள் என்ன முக்கினாலும் சேராது.

ஃப்ளோட் சாலையைச் சமப்படுத்தும் என்று பலரும் நம்புகிறார்கள். அது தரையைப் பின்தொடரும், அவ்வளவுதான். பக்கெட்டின் நீளத்தைவிடச் சின்னக் குழியை அது பாலம் போலக் கடந்துபோய், இழுத்து வரும் சரளையால் நிரப்பிவிடும். வண்டி நீளத்துக்கு ஒரு மேடு இருந்தால் மேட்டின் மேலேயே ஏறி இறங்கும், மேடு மேடாகவே இருக்கும். அந்த மேட்டை முதலில் லிவரைக் கையில் பிடித்து வெட்டி எடுக்க வேண்டும், வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்ட வேண்டும், ஃப்ளோட் கடைசியில்தான் வர வேண்டும். கோயில் சாலையிலும் அப்படித்தான் செய்தோம். அலைகளை முதலில் வெட்டித் தள்ளிவிட்டு, பிறகு ஃப்ளோட்டில் இரண்டு தடவை பின்னால் இழுத்ததும் சரளை ஒரே சீராகப் படிந்துவிட்டது.

சில வண்டிகளில் லிவர் பக்கத்தில் அலை போன்ற கோடோ 'எஃப்' எழுத்தோ போட்டிருக்கும், புது வண்டிகளில் பட்டனாகவும் இருக்கும். எல்லா லோடரிலும் இந்த வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது, இருந்தாலும் லோடர் கைக்கு மட்டுமே பொதுவாக இருக்கும், பக்கெட்டைச் சாய்க்கும் சிலிண்டர்களுக்கு இருக்காது. பழைய வண்டியில் அந்த 'டக்' பிடிப்பு தேய்ந்து, ஓட்டும்போது லிவர் தானாக நடுவுக்கு வந்துவிடும். சாலை திடீரென்று அலையாக வர ஆரம்பித்தால் முதலில் லிவரைப் பாருங்கள்.

பழக ஒரு நல்ல வழி இருக்கிறது. நெல் காயப்போடும் களத்தில் வெறும் பக்கெட்டைத் தரையில் வைத்து ஃப்ளோட்டில் போடுங்கள். முன் சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு பலகைகளை வைத்துவிட்டு, நடையைவிட மெதுவாகப் பின்னால் எடுத்து அதன் மேல் ஏற்றுங்கள். கூட நிற்பவர் தள்ளி நின்று, பக்கவாட்டிலிருந்து சிலிண்டர் தண்டைப் பார்க்கட்டும். அன்றைக்கு என் அக்கா மகனை இறக்கி அப்படிப் பார்க்கச் சொன்னேன். சக்கரம் பலகையில் ஏறியது, வண்டியின் மூக்கு எழும்பியது, பக்கெட் தளத்தை விட்டு அசையவில்லை. லிவரை யாரும் தொடாமலேயே பளபளவென்ற அந்தத் தண்டு இரண்டு விரல் அளவு உள்ளே போய், சக்கரம் இறங்கியதும் திரும்ப வெளியே வந்தது. "இன்னொரு தடவை, மாமா" என்றான்.